தூக்காதீர்கள் என்று எழுதாதீர்கள்

"வயசு என்ன ஆச்சு?"

"ஐம்பத்தாறு, டாக்டர்."

"அப்புறம் எதுக்கு இந்த வெயிட் தூக்குறதெல்லாம்? இனிமே அஞ்சு கிலோவுக்கு மேல எதையும் தூக்காதீங்க. காலையில வாக்கிங் போங்க, அது போதும்."

எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததிலிருந்து, சீட்டு எழுதி, அடுத்தவரை அழைக்க மணி அடித்ததுவரை எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் ஆகியிருக்கும். இடது தோளில் தசைநாண் ஒன்று பாதி ஆழம்வரை கிழிந்திருக்கிறது என்றது ரிப்போர்ட். பொங்கலுக்கு முந்தைய வாரம் பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கினேன். வலது கை வழுக்கியது. பாரம் மொத்தமும் இடது கையில் இறங்கியது. அன்றிலிருந்து கையை உயர்த்தினால் தோளுக்குள் கத்தி வைத்ததுபோல வலி.

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் 20 லிட்டர் தண்ணீர் கேன் நின்றது. அடுப்படியில் மாற்ற வேண்டிய காஸ் சிலிண்டர். எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோவை ஒட்டி வரும். மளிகைக் கடைப் பையன் இறக்கிவிட்டுப்போன அரிசி மூட்டை 25 கிலோ. பேத்தி ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினாள். அவள் 11 கிலோ. சீட்டில் எழுதியிருந்ததன்படி அவளையும் நான் தூக்கக் கூடாது.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. எனக்கு இப்போது அறுபது. அந்தச் சீட்டு சொன்னது தவறு. என் தோள் தேறிவிட்டது என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு தோளை வைத்து ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்ல முடியாது. கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்தக் கேள்விக்காகவே நடந்த ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தச் சீட்டுக்கு எதிராக நிற்கின்றன. ஆனாலும் ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்குத் தோளில் அடிபட்டால், நம்மிடம் கிடைக்கும் முதல் யோசனை இன்றும் அதுதான். டாக்டர் சொல்கிறார். வீட்டில் சொல்கிறார்கள். ஜிம்மில் இருக்கும் இருபத்திரண்டு வயது மாஸ்டரும் "அங்கிள், உங்களுக்கு ட்ரெட்மில் போதும்" என்கிறார். எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். அக்கறையோடு சொல்லப்படும் தவறை மறுப்பது கடினம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் வேலூர்க்காரன். பளுதூக்குதல் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றவர். இரண்டாவது முறை அவர் போனது தொடைக் காயத்தோடு. 77 கிலோ பிரிவில் மொத்தம் 317 கிலோ தூக்கிவிட்டு வந்தார். அப்போது அவருக்கு வயது 25. அந்த வயதுக்காரருக்குக் காயம் பட்டால் எப்போது, எப்படித் திரும்புவது என்று நாம் கேட்கிறோம். ஐம்பத்தாறு வயதுக்காரருக்குக் காயம் பட்டால் அந்தக் கேள்வியையே யாரும் கேட்பதில்லை. அதே தசை, அதே நாண். ஒருவருக்குப் பயிற்சித் திட்டம் கிடைக்கிறது, இன்னொருவருக்கு ஆயுள் தடை கிடைக்கிறது. தென்மாவட்டங்களில் ஊர்ப் பொது இடத்தில் கிடக்கும் உருண்டைக் கல்லுக்கு இளவட்டக்கல் என்று பெயர். பாரம் தூக்குவது இளவட்டங்களின் வேலை என்ற எண்ணம் நம் பேச்சிலேயே ஊறிக்கிடக்கிறது.

முதலில் அந்த ஸ்கேன் படத்துக்கு வருகிறேன். பயம் அங்கேதான் தொடங்குகிறது.

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் அப்படிக் கிண்ணம் கிடையாது. சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம்போல, பெரிய உருண்டை ஒன்று சிறிய பரப்பின்மேல் நிற்கிறது. அது உருண்டுவிடாமல் பிடித்திருப்பவை நான்கு சிறிய தசைகள். பிசியோக்கள் ரொட்டேட்டர் கஃப் என்று சொல்வது இவற்றைத்தான். முதுகைச் சொறியவும், பரணை எட்டவும், பந்தை எறியவும் நம்மால் முடிவது இந்த அமைப்பால். வயது ஏற ஏறத் தேய்வதும் இங்கேதான். பல வருடம் கட்டிய வேட்டி, மடிப்பு விழும் இடத்தில் நைந்துபோகும். அதுபோல இந்தத் தசைநாண்கள் எலும்பில் சேரும் இடத்தில் இழை பிரிகின்றன. நைந்த வேட்டியையும் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

1995இல் வெளியான ஓர் ஆய்வில், தோள்வலியே இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்குக் கிழிசல் இருந்தது. அறுபதைத் தாண்டியவர்களில் 54 சதவீதம் பேருக்கு இருந்தது. 2013இல் ஜப்பானில் ஒரு கிராமத்து மக்களை அல்ட்ராசவுண்டில் பரிசோதித்தார்கள். முழுக் கிழிசல் இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு வலி இல்லை. அவர்கள் கிழிந்த நாணோடு தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் என் ஸ்கேனில் தெரிந்த கிழிசல் அண்டாவால் வந்ததா, அதற்கு ஐந்து வருடம் முன்பே இருந்ததா? படத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்ல முடியாத ஒன்றை வைத்துத்தான் ஒரு மனிதனின் மீதி வாழ்க்கைக்குக் கிலோ கணக்கு போடுகிறோம்.

கிழிசலுக்கு முன்பாக இன்னொரு நம்பிக்கை இருந்தது. தோளின் மேல் விளிம்பில் உள்ள எலும்பு கீழே இருக்கும் நாணை உரசி உரசிக் கெடுக்கிறது என்று 1972இல் சார்லஸ் நீர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் எழுதினார். கேட்டால் நியாயமாகத்தான் படும். உரசும் எலும்பைச் செதுக்கிவிட்டால் தீர்ந்தது என்று உலகம் முழுக்க அறுவை சிகிச்சைகள் நடந்தன. 2018இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது. ஒரு குழுவுக்கு உண்மையிலேயே எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொரு குழுவுக்குத் தோளுக்குள் கேமராவை மட்டும் விட்டுப் பார்த்துவிட்டு, எதையும் செதுக்காமல் மூடினார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு பின்லாந்திலும் ஏறக்குறைய இதே முடிவுதான் வந்தது. 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த வகை வலிக்கு அந்த அறுவை வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது.

பாதிக் கிழிசல் இருக்கட்டும், முழுக் கிழிசல் உள்ளவர்கள்? அடிபடாமல் தானாக வந்த முழுக் கிழிசலோடு இருந்த 452 பேருக்கு அமெரிக்காவில் சில மருத்துவமனைகள் சேர்ந்து முதலில் பயிற்சிச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தன. இரண்டு வருட முடிவில் அறுவைக்குப் போனவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. மீதிப் பேருக்கு மருந்தாக இருந்தது கிழிந்த தோளைக் கொண்டு முறையாக வேலை வாங்கியதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போனால் நானும் அந்தச் சீட்டைப் போலவே பொறுப்பற்றவன் ஆகிவிடுவேன். வண்டியிலிருந்து விழுந்தோ, பாரம் சட்டென இழுத்தோ, அந்த நிமிடத்திலிருந்து கையைப் பக்கவாட்டில் உயர்த்தவே முடியவில்லை என்றால், அல்லது மூட்டு கழன்றிருந்தால், வாரக்கணக்கில் காத்திருக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். புதிதாக முழுதும் அறுந்த நாணைச் சில நேரம் சீக்கிரம் தைத்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் நாண் சுருங்கி உள்ளே போய்விடும், தசையில் கொழுப்பு படியும். என் கை உயர்ந்தது, வலியோடு உயர்ந்தது. அந்த வித்தியாசம் முக்கியம்.

அடுத்து ஓய்வு. "கையைக் கொஞ்ச நாள் ஆட்டாம வைங்க" என்ற சொல் எவ்வளவு சேதம் செய்திருக்கிறது என்று நினைத்தாலே எனக்கு ஆற்றாமை வருகிறது.

நானும் அந்தச் சொல்லைக் கேட்டு நடந்தேன். தூளி கட்டி ஆறு வாரம் கையை மார்போடு வைத்திருந்தேன். ஏழாவது வாரம் சட்டை போட மனைவி உதவி செய்ய வேண்டியிருந்தது. பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுக்கக் கை பின்னால் போகவில்லை. தையல்காரரின் டேப்பை வாங்கி இரண்டு புஜத்தையும் அளந்தேன். இடது புஜம் இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அண்டா கொடுத்த காயத்தைவிட ஓய்வு கொடுத்த காயம் பெரிது.

2007இல் ஜாமா இதழில் வந்த சிறிய ஆய்வு இது. சராசரி 67 வயதான, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த பன்னிரண்டு பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போய்விட்டது. இளைஞர் ஒருவர் ஓய்வில் இழப்பதைப் பிறகு எளிதாக எடுத்துவிடுவார். வயதானவருக்கு ஓய்வின் விலை அதிகம். ஆனால் நாம் வயதானவர்களுக்குத்தான் அதிக ஓய்வு கொடுக்கிறோம். அடிபட்டால் ஓய்வு, ஐஸ் என்று உலகத்துக்கே பாடம் சொன்ன அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், 1978இல் தன் புத்தகத்தில் எழுதிய அந்த வாய்ப்பாட்டைப் பல வருடம் கழித்துத் தானே திருத்திக்கொண்டார். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று ஒப்புக்கொண்டார். அவர் திருத்தியது நம் மருந்துக் கடைவரை இன்னும் வந்து சேரவில்லை.

நம் மக்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது, அதாவது ஃப்ரோசன் ஷோல்டர், மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். சென்னையில் உள்ள நீரிழிவு ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை இருப்பதாக 2023இல் சொன்னது. இப்படிப்பட்ட நாட்டில், தோள்வலி என்று வருகிறவரிடம் கையை ஆட்டாமல் வைக்கச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள்.

என் அக்காவுக்கு அதுதான் நடந்தது. சர்க்கரை, அறுபத்து மூன்று வயது, வலது தோள் இறுகி ஒன்றரை வருடம். தலைவாரிக்கொள்ள முடியாமல் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள். குடம் தூக்காதே, மாவாட்டாதே, துணி பிழியாதே என்று சுற்றியிருந்த எல்லோரும் தடுத்துத் தடுத்து, கடைசியில் அவளால் குக்கரைக்கூட ஒரு கையால் நகர்த்த முடியவில்லை. வலி குறைந்த பிறகும் கைக்குப் பலம் வரவில்லை. வலி போய்விட்டால் பலம் தானாக வந்துவிடும் என்பது இன்னொரு பொய். பலம் கேட்டால்தான் வரும்; பாரத்தைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

இனி வயதுக்கு வருகிறேன். "அந்த வயசுல சதை ஏறாது" என்கிற பேச்சை நம்பித்தான் நம்மில் பலர் முயற்சிகூடச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லம். மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவர் அங்கே இருந்த பத்துப் பேரைப் பயிற்சிக்கு எடுத்தார். வயது 86இலிருந்து 96வரை. எட்டு வாரம், வாரம் மூன்று நாள், தங்களால் அதிகபட்சம் தூக்க முடிந்ததில் 80 சதவீதம்வரை காலால் தூக்க வைத்தார். கவனியுங்கள், லேசான எடை கொடுக்கவில்லை, கனமான எடை. முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைச் சதையின் பரப்பே 9 சதவீதம் வளர்ந்தது. தொண்ணூறு வயதில் வளர்ந்தது! அவரே 1994இல் சராசரி 87 வயதான நூறு பேரை வைத்து மறுபடி செய்தபோதும் பயிற்சி எடுத்தவர்களின் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. போன நூற்றாண்டின் இறுதிக்குள்ளேயே தீர்ந்துபோன கேள்வி இது. முப்பது வருடம் கழித்தும் நாம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

காலுக்குச் சரி, கையை மேலே உயர்த்தித் தூக்குவது? ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் 2018இல் வெளியான ஆய்வில் 101 பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் மாதவிடாய் நின்றவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள். "எலும்பு உடைந்துவிடும், குனியவே குனியாதே" என்று நாம் சொல்லும் அதே அம்மாக்கள். பயிற்சிக் குழுவுக்கு டெட்லிஃப்ட், ஸ்குவாட், பாரத்தைத் தலைக்கு மேல் தூக்கும் ஓவர்ஹெட் பிரஸ் என்று கனமாகக் கொடுத்தார்கள். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பக்கத்திலேயே பயிற்சியாளர் நின்று. எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. லேசான பயிற்சி செய்த மற்றக் குழுவுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. எலும்பு முறிவு ஒன்றுகூட இல்லை. லேசாகச் செய்தவர்கள் இழந்தார்கள், கனமாகச் செய்தவர்கள் பெற்றார்கள். "வெயிட் வேணும்னா ஒரு கிலோ டம்பெல், அதுக்கு மேல வேண்டாம்" என்று நடுவழியில் நிறுத்துகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

என்னைப்போல முன்பே தூக்கிப் பழகியவருக்குக் கூடுதல் வசதி உண்டு. சதை வளரும்போது அதன் இழைகளுக்குள் உட்கருக்களின் எண்ணிக்கை கூடுகிறது. பயிற்சி நின்று சதை மெலிந்தாலும் அந்த உட்கருக்கள் நெடுநாள் நிற்கின்றன என்று நார்வேயில் 2010இல் எலிகளில் காட்டினார்கள். 2024இல் பின்லாந்தில், இருபது வாரம் தொடர்ந்து பயிற்சி செய்தவர்களையும், நடுவில் பத்து வாரம் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். கடைசியில் இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றார்கள். அவர்கள் வயதில் சிறியவர்கள்தான். ஆனால் விட்டது விட்டதுதான் என்கிற விரக்திக்கு அதில் பதில் இருக்கிறது.

என் விஷயத்தில் திருப்பம் ஒரு பிசியோவிடம்தான் வந்தது. முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. நான் கவரிலிருந்து படத்தை உருவினேன்.

"சார், ஸ்கேனை உள்ள வைங்க. கையை எவ்வளவு தூரம் தூக்க முடியுதுன்னு காட்டுங்க."

காட்டினேன். தோள் உயரம்வரை வந்தது.

"இதுவரைக்கும் வருதே! அப்ப இங்கேருந்து ஆரம்பிப்போம். வலது கை நல்லாத்தானே இருக்கு? அதை ஏன் சும்மா வெச்சிருக்கீங்க?"

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பின்னால் பழைய கதை ஒன்று இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1894இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சரின் ஆய்வுக்கூடத்தில், ஒரு கையை மட்டும் பழக்கியபோது பழக்காத மற்றக் கைக்கும் பலம் கூடுவதைக் கண்டார்கள். நரம்புகளின் வழியாக மூளை இரண்டு பக்கமும் கற்றுக்கொள்கிறது. நூறு வருடத்துக்கு மேலாகத் திரும்பத் திரும்ப உறுதியான உண்மை இது. ஒரு கை கட்டில் இருக்கும்போது மற்றக் கையால் கனமாகத் தூக்கினால், கட்டில் உள்ள கை இழப்பது குறைகிறது. எனக்கு அந்த ஆறு வாரத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை.

முதல் மாதம் இடது கையால் எதையும் தூக்கவில்லை. சுவரை ஒட்டி நின்று, மடித்த கையால் சுவரை வெளிப்பக்கம் தள்ளுவேன்; கை நகராது, தசை மட்டும் இறுகும். முப்பது எண்ணும்வரை. ஒரு மூங்கில் குச்சியை இரண்டு கையாலும் பிடித்து வலது கையால் இடது கையை மேலே தள்ளுவேன். வலிக்கு அந்தப் பெண் ஓர் அளவு சொல்லிக்கொடுத்தாள்: பத்துக்கு மூன்று, நான்குவரை வலிக்கலாம், மறுநாள் காலை எழும்போது அது பழையபடி அடங்கியிருக்க வேண்டும். அடங்கியிருந்தால் போடு, அடங்காவிட்டால் குறை. வலியே கூடாது என்றால் எதுவும் நடக்காது. வலித்தால்தான் பலன் என்று ஜிம் பையன்கள் சொல்வதும் அபத்தம். போன வருடம் தூக்கியதை இந்த வாரமே தூக்கிக் காட்டப் போய்த் தோளை மறுபடி கெடுத்துக்கொண்ட இருவரை எனக்குத் தெரியும்.

மூன்றாம் மாதம் ஒரு கிலோ. நான்காம் மாதம் மூன்று. ஏழாம் மாதம் முதல்முறையாகக் காலி பார்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கினேன், 20 கிலோ. அங்கேதான் ஒரு சிக்கல். ஜிம்மில் இருந்த மிகச் சிறிய பிளேட் 1.25 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் இரண்டரை கிலோ கூடும். 20 கிலோவில் இரண்டரை என்றால் ஒரே தாவலில் எட்டில் ஒரு பங்கு. சதை அதைத் தாங்கிவிடும், நாண் தாங்காது. நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, சதை வாரங்களில் பழகுவதை நாண் மாதங்களில்தான் பழகும். காட்பாடி சாலையில் ஒரு லேத் பட்டறையில் அரை கிலோ வட்டுகள் நான்கைக் கடைந்து வாங்கினேன். நடுவில் துளை, ஓரத்தில் பிசிறு இல்லாமல் தேய்த்துக் கொடுத்தார் பட்டறைக்காரர். "எதுக்குங்க இது?" என்று கேட்டார். சொன்னேன். அவருடைய அப்பாவுக்கும் தோள் பிரச்சினை என்றார், பேசிக்கொண்டே இருந்தோம். என் தோளைத் திரும்பக் கொண்டுவந்தது எது என்று கேட்டால் அந்த அரை கிலோ வட்டுகளைத்தான் காட்டுவேன்.

பதினெட்டாவது மாதம் ஓவர்ஹெட் பிரஸ் நாற்பத்திரண்டரை கிலோ. அண்டாவுக்கு முன் ஐம்பது. பெஞ்ச் பிரஸ் எண்பத்தைந்திலிருந்து எழுபதில் நிற்கிறது, அதிலும் கைப்பிடியைக் கொஞ்சம் நெருக்கிக்கொண்டேன். கழுத்துக்குப் பின்னால் பாரை இறக்கும் பயிற்சியை விட்டுவிட்டேன். டெட்லிஃப்ட் முழுசாகத் திரும்பிவிட்டது, 120 கிலோ. எல்லாம் அப்படியே வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். மூத்தோர் பளுதூக்கும் போட்டிகளின் சாதனைகளை வைத்து 1994இல் டேவிட் மெல்ட்சர் என்ற இயற்பியலாளர் கணக்குப் பார்த்தார். எழுபதுவரை ஆண்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம்தான் குறைகிறது. அதாவது விடாமல் தூக்குகிறவர் பத்து வருடத்தில் பத்துப் பதினைந்து சதவீதம் இழப்பார். விட்டவர் எவ்வளவு இழப்பார் என்பதை என் டேப் ஆறு வாரத்தில் காட்டியது.

ரத்த அழுத்தத்தைச் சொல்லிப் பயமுறுத்துபவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1985இல் கனடாவில் இளம் பயில்வான்களின் தமனிக்குள்ளேயே குழாய் வைத்து அளந்தபோது, இரண்டு காலாலும் கனமாகத் தள்ளும் நேரத்தில் அழுத்தம் சராசரியாக 320/250வரை போனது. அது சில நொடிகள்தான். மூச்சை அடக்கும்போது ஏறி, விட்டதும் இறங்குகிறது. மாதக்கணக்கில் பார்த்தால் பலப்பயிற்சி ரத்த அழுத்தத்தைக் குறைக்கவே உதவுகிறது என்று அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், பெருந்தமனி வீக்கம், விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்கள் தூக்கும்போது மூச்சை விட்டபடி தூக்கப் பழகினால் போதும்.

வாக்கிங் நல்லது. நானும் போகிறேன். ஆனால் நடையால் தோளுக்கு ஒன்றும் ஆவதில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது சதைகளுக்குப் பலம் சேர்க்கும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் எழுதியிருக்கிறது, முதியவர்களையும் சேர்த்துத்தான். இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேரின் கைப்பிடி பலத்தை அளந்த ஆய்வு 2015இல் வந்தது. பிடியில் ஐந்து கிலோ குறையக் குறைய இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. பிடி பலம் என்பது உடம்பு மொத்தத்தின் பலத்துக்கு ஓர் அடையாளம்.

சாப்பாட்டையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். 65 கிலோ ஆளுக்கு 65 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. இட்லிக்கும் ரசச் சோற்றுக்கும் அது வந்து சேராது. பருப்பு, சுண்டல், மீன், முட்டை, தயிர் என்று கணக்குப் பார்த்துச் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டு.

அக்கா ஆரம்பத்தில் மறுத்தாள். "இந்த வயசுல என்னடா எனக்கு, நாலு பேர் பாத்தா சிரிப்பாங்க" என்றாள். வீட்டிலேயே தொடங்கினோம். முதலில் துவரம்பருப்புப் பாக்கெட், அரை கிலோ. பிறகு ஒரு கிலோ, இரண்டு கிலோ. இப்போது நான்கு கிலோ டம்பெல்லைத் தலைக்கு மேல் எட்டு முறை தூக்குகிறாள். போன மாதம் ஒருநாள் காலை போன் வந்தது.

"டேய், அஞ்சு லிட்டர் குக்கரைக் கழுவி மேல் தட்டுல நானே வெச்சுட்டேன்டா."

ஒன்றரை வருடமாக அந்தக் குக்கர் தரையில் இருந்தது.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு நேரம் இல்லை, வெளியே அறுபது பேர் காத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும். அந்த நான்கு நிமிடத்தில் நீங்கள் எழுதும் ஒரு வரியை ஒருவர் இருபது வருடம் கடைப்பிடிப்பார். அடுத்த முறை ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தோள் உங்கள் முன் வந்து உட்காரும்போது, "கனமாகத் தூக்காதீர்கள்" என்று எழுதும் இடத்தில், எத்தனை கிலோவிலிருந்து தொடங்க வேண்டும், மாதத்துக்கு எவ்வளவு கூட்டலாம், எந்தப் பிசியோவைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.